கல்வாழைத் தொட்டியும் தாமரைப் பெயிண்டும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சமையலறை, குளியலறைத் தண்ணீரைக் கல்வாழை நட்டுச் சுத்தம் செய்யலாம் என்கிறார்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு எப்படிக் கட்டுவது?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் தண்ணீரைச் சுத்தம் செய்வதில் பெரும்பங்கு கல்வாழைக்கு இல்லை. ஜல்லியின் மேல் வழவழப்பாகப் படரும் பாக்டீரியாக்களுக்குத்தான். சதுப்பு நிலத்திலும் இதுதான் நடக்கிறது. வேர்கள் அவற்றுக்கு இடம் கொடுக்கின்றன, கொஞ்சம் ஆக்சிஜனைக் கீழே இறக்குகின்றன. 1950-களில் ஜெர்மனியில் தாவரவியலாளர் கேத்தே சைடல் நாணல் வகைகளைக் கொண்டு தொடங்கிய ஆய்வுகளிலிருந்து வளர்ந்த முறை இது. ஆகவே செடியைவிட ஜல்லியையும் நீர்மட்டத்தையும் கவனியுங்கள்.

ஆளுக்கு 80 லிட்டர் வீதம் ஒரு நாளைக்கு 320 லிட்டர் வரும். 12 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழத்தில் தொட்டி போதும். ஒன்றேமுக்கால் அடி உயரத்துக்கு ஜல்லி, அதில் ஒன்றரை அடி வரை தண்ணீர். ஜல்லி இடுக்கில் சுமார் 800 லிட்டர் நிற்கும்; வந்த தண்ணீர் இரண்டரை நாள் தங்கித்தான் வெளியேறும். இடம் இல்லை என்று தொட்டியைப் பாதியாக்கினால் இந்தத் தங்கும் நேரமும் பாதியாகிவிடும். நாற்றத்தோடுதான் தண்ணீர் வெளிவரும். கழிப்பறைத் தண்ணீரை இதில் விடவே கூடாது.

தொட்டிக்கு முன்னால் 2 அடிக்கு 2 அடி, 2 அடி ஆழத்தில் எண்ணெய் பிடிக்கும் குழி ஒன்று கட்டாயம் வேண்டும். எண்ணெய் மிதக்கும், சோற்றுப் பருக்கை அடியில் தங்கும்; நடுமட்டத் தண்ணீர் மட்டும் போக வேண்டும். அதற்காக, வெளியேறும் குழாயில் 'டி' பொருத்தி அதன் கீழ்க்கால் ஓர் அடி ஆழத்தில் திறக்கும்படி வையுங்கள். மேலே மிதக்கும் எண்ணெயை வாரம் ஒருமுறை வழித்தெடுங்கள்.

தொட்டியைச் சிமென்ட் பூசிக் கட்டலாம். அடித்தளம் வெளிவாய்ப் பக்கம் ஒன்றரை அங்குலம் சரிய வேண்டும். ஜல்லியின் மேற்பரப்பு மட்டமாகவே இருக்கட்டும். இரு முனைகளிலும் ஒன்றரை அடி நீளத்துக்கு ஒன்றரை இன்ச் ஜல்லி, நடுவில் முக்கால் இன்ச் ஜல்லி. மொத்தம் ஒரு யூனிட் (100 கன அடி) போதும்: பெரியது கால், சிறியது முக்கால். கிரஷர் தூசி போகும்வரை அலசிவிட்டுப் போடுங்கள். அலசாத ஜல்லி தொட்டியின் ஆயுளைத் தொடக்கத்திலேயே குறைத்துவிடும்.

உள்வாயில் 3 இன்ச் பிவிசி குழாயில் அரை இன்ச் துளைகள் போட்டு, பெரிய ஜல்லிக்குள் குறுக்கே படுக்க வையுங்கள். வெளிவாயில் இதே போன்ற குழாய் அடித்தளத்தில் கிடக்கட்டும். அது சுவரைத் தாண்டியதும் ஓர் எல்போவும் அதில் நிற்கும் குழாயும் பொருத்துங்கள். எல்போவைத் திருப்பினால் நீர்மட்டம் ஏறும், இறங்கும். ஜல்லிக்கு 3 அங்குலம் கீழே தண்ணீர் நின்றால் கொசு முட்டையிட வழியில்லை.

ஒன்றரை அடி இடைவெளியில், இரண்டு மூன்று முளைக்கண் உள்ள கிழங்குகள் சுமார் 20 நடுங்கள். வேர் பிடிக்கும்வரை, முதல் மூன்று வாரம், நீர்மட்டத்தை ஜல்லிக்கு ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி உயர்த்தி வைக்கலாம். தொட்டி முழுமையாக வேலை செய்ய மூன்று மாதம் ஆகும்.

வெளிவரும் தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் நல்லது; கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்களுக்கும் வேண்டாம். சோப்புத் தூளில் உள்ள சோடியம் உப்பை இந்தத் தொட்டி பிரிக்காது. களிமண் நிலமானால் ஒரே இடத்தில் பாய்ச்சாமல் மாற்றி மாற்றி விடுங்கள்.

கேள்வி: ஓராண்டு நன்றாக இருந்த கல்வாழைத் தொட்டியில் இப்போது அழுகிய முட்டை நாற்றம். உள்வாய்ப் பக்கம் தண்ணீர் மேலேயே நிற்கிறது.
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: உள்வாய் ஜல்லி எண்ணெயாலும் கசடாலும் அடைத்துக்கொண்டது. காற்றுப் புகாத இடத்தில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடின் வாடைதான் அது. தண்ணீரை ஒரு வாரம் வேறு பக்கம் திருப்பி, எல்போவை முழுக்கச் சாய்த்துத் தொட்டியை வடியவிடுங்கள். உள்வாயின் ஒன்றரை அடி ஜல்லியை மட்டும் அள்ளி, கழுவித் திரும்பப் போடுங்கள். முழுத் தொட்டியையும் பிரிக்க வேண்டியதில்லை. செடி செழிக்கட்டும் என்று மேலே மண் கொட்டியிருந்தால் அகற்றிவிடுங்கள். அது மழையில் கரைந்து இடுக்குகளில் இறங்கும். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் போகும் குழாயைத் தனியாகப் பிரியுங்கள். அவை கொல்வது உங்களுக்காக உழைக்கும் பாக்டீரியாக்களை.

கேள்வி: தாமரை இலை போலத் தானே சுத்தமாகும் பெயிண்ட் உண்மையில் பயன் தருமா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: மழை நேரடியாக அடிக்கும் வெளிச்சுவரில் தரும். தாமரை இலையில் நுண்ணிய மேடுகளும் அவற்றின் மேல் மெழுகுத் துகள்களும் உள்ளன. துளி அவற்றின் நுனியை மட்டும் தொட்டு உருண்டோடும். தூசி துளியோடு ஒட்டிக்கொண்டு போகும். ஜெர்மனியின் பான் நகரத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1997-இல் இதை விரிவாக விளக்கினார். தூணிலும் தாழ்வாரச் சுவரிலும் இந்தப் பெயிண்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம், தூசியை உருட்டிப்போக அங்கே மழைத்துளியே இல்லை. சோப்புப் போட்டுத் தேய்க்கவும் கூடாது. இலை தன் மெழுகைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும், பெயிண்டுக்கு அது முடியாது.

கேள்வி: பிள்ளையின் ஷூவில் வெல்க்ரோ பிடிக்க மாட்டேன் என்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?
– நெய்வேலி வாசகி

பதில்: முதலில் கொக்கிப் பக்கத்தைப் பாருங்கள். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல், உடையில் ஒட்டிய முள்காயின் வளைந்த நுனியைப் பார்த்து உருவாக்கியது இது. நம் ஊர் மருளூமத்தைக் காயிலும் அதே கொக்கிதான். அதில் நூலும் முடியும் சிக்கினால் பிடிக்காது. ஊசியால் நெருடி எடுத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேயுங்கள். கொக்கி சுத்தமாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் எதிர்ப்பக்கத்து நூல் வளையங்கள் அறுந்திருக்கும். அந்தப் பட்டியை மட்டும் பிரித்து, அதே அகலத்தில் புதியதைத் தைத்துக்கொள்ளலாம். பசை மட்டும் போட்டால் ஈரத்தில் கழன்று வந்துவிடும்.