தந்தைக்கு முன்பே தெரிந்திருந்தது

கேள்வி: தன்பாலீர்ப்பை மறைத்து வாழ்பவர்களைப் பற்றிய காதல் படங்களில், கடைசிக் காட்சியில் பெற்றோர் மனம் மாறிப் பிள்ளையை ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரு குடும்பம் இத்தனை எளிதாக மாறிவிடுமா?
– வாசகி, திருச்சி

பதில்: மாறாது என்பதே என் எண்ணம். கண்ணீரும் அணைப்புமாக முடியும் படங்களில், ஏற்பு என்பது பெற்றோர் பிள்ளைக்கு வழங்கும் மன்னிப்பாகிவிடுகிறது. பிள்ளை எந்தக் குற்றமும் செய்யவில்லையே!

ஜியோ பேபி இயக்கி 2023 நவம்பரில் வெளிவந்த 'காதல் தி கோர்' என்னும் மலையாளப் படத்தை நான் மிக உயர்வாக மதிப்பதற்கு இதுவே காரணம். ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி அதிகாரியான மேத்யூ உள்ளாட்சி இடைத்தேர்தலில் நிற்கும் வேளையில், அவருடைய மனைவி ஓமனா, கணவர் தன்பாலீர்ப்பாளர் என்று கூறி விவாகரத்துக் கோருகிறார். மம்மூட்டியும் ஜோதிகாவும் நடித்த அந்தப் படத்தில் குடும்பத்தின் மனமாற்றம் மகனிடம் தொடங்கவில்லை, தந்தையிடம் தொடங்குகிறது. மகனின் இயல்பை அறிந்திருந்தும் திருமணம் செய்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி அவரை மணவறைக்குத் தள்ளிய அந்த முதியவர், நீதிமன்றத்தில் அதைத் தம் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார். நம் வீடுகளிலும் 'கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான்' என்று பேசப்படுகிறது. அந்தப் பேச்சு இரண்டு பேரின் வாழ்க்கையைப் பல ஆண்டுகள் முடக்கிவிடுகிறது என்பதை, அதைச் செய்தவரையே சொல்லவைக்கிறது படம். ஓமனா கேட்கும் விடுதலை அவருக்கு மட்டுமானதன்று, மேத்யூவுக்கும் சேர்த்துத்தான்.

படத்தில் என்னை அதிகம் வருத்தியவர், மேத்யூவுடன் உறவில் இருந்த தங்கன். ஓட்டுநர் பயிற்சி தரும் அந்த எளிய மனிதரை ஊர் நேரடியாகவே ஏளனம் செய்கிறது. மேத்யூவுக்கு இருக்கும் கட்சியும் குடும்பப் பெயரும் அவருக்கு இல்லை.

குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் உண்மை தெரிந்திருந்தும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைப்பதை, ஆங் லீ 1993இல் இயக்கிய 'தி வெட்டிங் பேங்க்வெட்' நுட்பமாகக் காட்டியது. நியூயார்க்கில் தன் காதலன் சைமனுடன் வாழும் தைவான் இளைஞன், பெற்றோருக்காக ஒரு பெண்ணைப் பெயரளவில் மணக்கிறான். பின்னர் அவன் தாயிடம் உண்மையைச் சொல்ல, தந்தைக்குத் தெரியக்கூடாது என்கிறார் தாய். தந்தையோ தமக்கு எல்லாம் தெரியும் என்பதைச் சைமனிடம் மட்டும் தெரிவித்து, பணம் வைத்த சிவப்பு உறையைக் கொடுத்து, அதை மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம் என்கிறார். அவர் சைமனை ஏற்கிறார். ஆனால் பேரக்குழந்தை கிடைப்பதற்காகப் பொய்யையும் தொடரவிடுகிறார். அதன் சுமை, கருவுற்ற அந்தப் பெண்ணின் மேலும் விழுகிறது. இதை முழுமையான ஏற்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கேள்வி: தமிழில் இப்படியொரு படம் உண்டா?
– அதே வாசகி

பதில்: 2025 பிப்ரவரியில் வெளிவந்த 'காதல் என்பது பொதுவுடமை' படத்தை அவசியம் பாருங்கள். லிஜோமோல் ஜோஸ் மகளாகவும் ரோகிணி தாயாகவும் நடித்திருக்கிறார்கள். முற்போக்குக் கருத்துகளை ஊருக்குச் சொல்லும் தாய், தன் மகள் நேசிப்பது ஒரு பெண்ணை என்று அறிந்ததும் தடுமாறிப்போகிறார். கல்வியும் கொள்கையும் உள்ள வீட்டில் இந்தச் சிக்கல் எழாது என்று நினைப்பவர்களுக்காகவே அந்தப் பாத்திரம் எழுதப்பட்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. உங்கள் அம்மாவையும் உடன் அழைத்துக்கொண்டு பாருங்கள்.