ஓய்வுக்குப் பின் நகைச்சுவை எழுத்து: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பாதி சர்வீஸ் நாகர்கோவில் – குலசேகரம் ரூட்டில்தான் போனது. பஸ்ஸில் நடந்ததை வீட்டில் சொன்னால் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அதையே எழுதிக் கொடுத்தால் ‘நல்லாயிருக்கு’ என்று சொல்லி நோட்டை மூடி வைத்துவிடுகிறார்கள். ஒன்று அனுப்பியிருக்கிறேன், என்ன குறை?
– வாசகர், திருவட்டார்

பதில்: அண்ணாச்சி, பலாப்பழப் பாட்டி கதையைப் படித்தேன், விஷயம் அருமையானது. ஆனால் பாட்டி பஸ்ஸில் ஏறுவதற்கே இரண்டு பக்கம் ஆகிவிடுகிறது. நீங்கள் வேலையில் சேர்ந்த கதை, மலையோர மக்களின் வெள்ளை மனம், ‘இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது’ என்று இரண்டு இடத்தில். வீட்டில் சொல்லும்போது இதெல்லாம் சொல்லியிருக்க மாட்டீர்கள், இடுப்பில் சக்கையை வைத்துக்கொண்டு ஒரு பாட்டி ஏறினாள் என்று நேராகத் தொடங்கியிருப்பீர்கள். எழுத்திலும் அங்கேயே தொடங்குங்கள்.

அப்புறம் அந்தப் பாட்டியின் பேச்சு. ‘இந்தப் பழத்திற்குப் பயணச்சீட்டு வேண்டுமென்றால் அது அமர இருக்கை தாருங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். குலசேகரம் பஸ்ஸில் எந்தப் பாட்டி அப்படிப் பேசுவாள்? ‘சக்கைக்கு டிக்கெட்டா? அப்போ அது இருக்க ஒரு சீட்டு தாரும் ஓய்’ என்றுதானே கேட்டிருப்பாள். அப்படியே எழுதுங்கள். வெளியூர்க்காரருக்குப் புரியாதே என்று பயப்பட வேண்டாம், பக்கத்து வரிகளே புரியவைத்துவிடும். அதற்கு அடுத்து ‘இதைக் கேட்டு பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது’ என்று ஒரு வரி இருக்கிறது, அதை வெட்டிவிடுங்கள். பாட்டி கேட்டதோடு நிறுத்தினால் போதும், சிரிப்பதைப் படிக்கிறவர் பார்த்துக்கொள்வார்.

ஒரு வழி சொல்கிறேன். எழுத உட்காராமல், பேரப்பிள்ளையை எதிரே இருத்தி கதையைச் சொல்லுங்கள், போனில் ரெக்கார்ட் ஓடட்டும், பிறகு அதைக் கேட்டு எழுதுங்கள். நம் ஊர் வில்லுப்பாட்டில் பக்கத்தில் ஒருவர் ‘ஆமா’ போட்டுக்கொண்டே இருப்பாரே, எதிரே ஆள் இருந்தால்தான் சொல்கிறவருக்கு எங்கே இழுக்கிறோம், எங்கே கேட்கிறவர் கவனம் போகிறது என்று தெரியும். ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அந்த வில்லுப்பாட்டு வழியாக வந்தவர்தான்.

கேள்வி: நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஆஸ்பத்திரி, தெரு, கல்யாண வீடு என்று வேடிக்கையாக எழுத ஆசை. ‘இந்த வயசுல ஊராரைக் கேலி பண்ணி எழுதினா நாலு பேர் என்ன நினைப்பா’ என்று மகன் தடுக்கிறான். விட்டுவிடவா?
– வாசகி, குளச்சல்

பதில்: விடாதீர்கள். நம் மாவட்டத்துக்கு இது புதிதே இல்லை. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்திலேயே மருமக்கள் வழி மான்மியம் எழுதினார். சொத்து மகனுக்குப் போகாமல் மருமகனுக்குப் போகும் வழக்கத்தால் வீடுகள் படும் பாட்டை, ஐந்தாவது மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் தன் வாயாலேயே சொல்கிறாள். படித்தால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். அவர் கேலி செய்தது அந்த முறையை, அதில் மாட்டிக்கொண்டு அழுகிறவளை அல்ல. நகைச்சுவை எழுத வருகிற யாரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உடம்புக் குறை, சாதி, ஏழ்மை, தோல் நிறம் இவற்றை வைத்துச் சிரிக்கவைக்கிற வேலை நமக்கு வேண்டாம்.

உங்கள் மகனின் பயத்திலும் ஒரு நியாயம் உண்டு. நோயாளி யாரென்று ஊருக்குத் தெரிகிற மாதிரி ஒரு வரிகூட எழுதாதீர்கள், அவர்கள் உங்களை நம்பிச் சொன்னவை அவை. பெயரை மட்டும் மாற்றினால் போதாது, குளச்சலில் மூன்றாவது தெரு, மாடி வீடு, துபாயில் மகன் என்று எழுதினால் யாருக்குத்தான் தெரியாது? ஊர், தொழில், வயது எல்லாம் மாறட்டும், இரண்டு மூன்று பேரை ஒரு ஆளாகச் சேருங்கள். அவதூறு இன்றைக்கும் குற்றம்தான், 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் வருகிறது. கல்யாண வீட்டுக் கதைகளை முதலில் எழுதுங்கள். அவியலில் உப்பு பார்க்கப் போன மாமா பந்தி முடிகிற வரை கலவறையை விட்டு வராத கதைக்கு எந்த வீட்டிலும் சண்டை வராது.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர். நகைச்சுவைக் கட்டுரைகள் ஒரு புத்தகத்துக்குத் தேறும். ஒரு இடத்தில் கேட்டால் 300 பிரதி நானே வாங்க வேண்டும், ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண்ணுக்குத் தனிக் கட்டணம், எல்லாம் சேர்ந்து பேக்கேஜ் என்கிறார்கள். சேமிப்பில் கை வைக்கலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கை வைக்காதீர்கள் சார். ஐ.எஸ்.பி.என். நம் நாட்டில் இலவசம். டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை வழங்குகிறது, எழுத்தாளரே தன் பெயரில் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். அதற்குக் காசு கேட்கிற இடத்தில் மற்ற கணக்குகளையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

ஆஃப்செட் அச்சில் பிளேட், அதாவது அச்சுத் தகடு, போடுகிற செலவு 100 பிரதிக்கும் 1000 பிரதிக்கும் ஒன்றுதான், அதனால் பிரதி கூடக்கூட ஒன்றின் விலை குறைகிற மாதிரி தெரியும், அதைக் காட்டித்தான் 300 என்கிறார்கள். விற்காத மீதி உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். டிஜிட்டல் அச்சில் 50 பிரதி போடுங்கள். ஒரு பிரதிக்கு விலை கூடுதல்தான், ஆனால் மொத்தமாகக் கையை விட்டுப் போகிற பணம் குறைவு. அந்த ஐம்பதும் யார் யாருக்கு என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், பெயர் தேறவில்லை என்றால் முப்பது போதும். தீர்ந்த பிறகு மறுபடி அடிக்கலாம்.

விலை கேட்கும்போது எல்லா அச்சகத்திலும் ஒரே மாதிரி கேளுங்கள்: டெமி என்கிற புத்தக அளவு, 96 பக்கம், அதாவது 16 பக்கம் சேர்ந்த ஃபாரம் ஆறு, உள்ளே 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ தாள், 300 ஜி.எஸ்.எம். அட்டை (ஜி.எஸ்.எம். என்பது தாளின் கனக் கணக்கு). அப்போதுதான் ஒப்பிட முடியும். யூனிகோடில் அடித்ததை வேறு எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், ஆகவே மாற்றிய பிறகு வருகிற மெய்ப்பையும் (ப்ரூஃப்) கட்டாயம் பாருங்கள். நீங்கள் பார்த்தால் கண் தானாகத் திருத்திப் படித்துவிடும், கூட வேலை பார்த்த தமிழாசிரியர் யாரிடமாவது கொடுங்கள்.

எழுதியவுடனேயே காப்புரிமை உங்களுடையதுதான், வாழ்நாளுக்குப் பிறகும் 60 ஆண்டு குடும்பத்துக்கு உண்டு, அதை விட்டுக்கொடுக்கிற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். புத்தகம் வந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் நான்குக்கும் பிரதி அனுப்ப வேண்டும், 1954-ம் ஆண்டுச் சட்டம் அப்படி. தானே பதிப்பிக்கிற பலர் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தமான விஷயம். மார்த்தாண்டத்தில் அச்சான புத்தகம் கன்னிமாராவில் இருந்தால், என்றாவது ஒரு பிள்ளை தேடும்போது கிடைக்குமே.

கேள்வி: அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் தமிழ்ப் புத்தகம் போடப் பணம் கட்ட வேண்டுமா?
– வாசகர், தக்கலை

பதில்: வேண்டாம். பேங்க் கணக்கும் பான் எண்ணும் இருந்தால் போதும். ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்தியாவில் விற்பதற்கு 70 வேண்டுமென்றால் அவர்களுடைய செலக்ட் என்கிற திட்டத்தில் சேர வேண்டும், அது 90 நாள் திட்டம், சேர்ந்தால் அந்த 90 நாளுக்கு மின்னூலை வேறு எங்கும் கொடுக்கக்கூடாது, வலைப்பூவில் இலவசமாகக்கூட. அச்சுப் பிரதியை விற்க அது தடையில்லை. 90 நாள் முடிந்ததும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாம் என்றால் நீங்கள்தான் போய் அதை எடுத்துவிட வேண்டும்.