போர்ப் புத்தகங்களும் பிள்ளைகளும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

போரைப் பற்றிய சிறுவர் புத்தகங்கள் குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பல ஆண்டுகள் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். இப்போது எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கான சிறிய நூலகம் ஒன்றைக் கவனித்துக்கொள்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

டீச்சர், என் பையனுக்கு எட்டு வயது. டாங்கி, போர் விமானம், பீரங்கி தவிர வேறு எதையும் தொடமாட்டேன் என்கிறான். கவலைப்பட வேண்டுமா?

வேண்டாம்மா. அந்த வயதுப் பிள்ளைகளை இழுப்பது பெரும்பாலும் கொலை அல்ல, இயந்திரம்தான். அந்த ஆசையைத் தடுக்காமல் இயந்திரத்துக்குள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். முதல் டாங்கிகள் 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில், சோம் போர்க்களத்தில் இறங்கின. உள்ளே எட்டுப் பேர். என்ஜினுக்குத் தனி அறை கிடையாது. அது அவர்கள் நடுவிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அனல், புகை, காதைப் பிளக்கும் சத்தம். வேகமோ மனிதன் நடக்கிற வேகம்தான். இதைச் சொல்லிவிட்டு, "நீ உள்ளே உட்கார்ந்திருந்தால் முதலில் என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் நூலகத்தில் ஒரு சிறுவன் யோசிக்காமல் சொன்னான்: "கதவைத் திறந்துட்டு வெளியே ஓடிருவேன்." வெளியே குண்டு மழை என்றேன். வெகு நேரம் பேசாமல் இருந்தான்.

ஸ்டீபன் பீஸ்டி வரைந்து 1993இல் வந்த போர்க்கப்பல் புத்தகம் இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது. பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றைத் துண்டு துண்டாக நறுக்கிக் காட்டுகிறது. பீரங்கித் தளமும் இருக்கிறது, கீழே வைத்தியர் காயம்பட்டவனின் காலை அறுக்கிற இடமும் இருக்கிறது. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்கவில்லை. கோட்டைகள் பிடிக்கும் என்றால் டேவிட் மெக்காலே 1977இல் எழுதி வரைந்த 'காஸில்' கிடைக்கிறதா பாருங்கள். வேல்ஸ் நாட்டில் ஒரு கற்பனைக் கோட்டை அடித்தளத்திலிருந்து எழும்புவதை, கொத்தனார் தச்சர் வேலையோடு சேர்த்துக் காட்டுவார்.

எந்த வயதில் எதைக் கொடுக்கலாம் என்று ஒரு பட்டியல் தர முடியுமா?

பட்டியல் கேட்பது நியாயம்தான், ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். பொதுவாக நான் செய்வது இது. ஆறேழு வயது வரை நிஜப் போர் வேண்டாம். டாக்டர் சூஸ் 1984இல் எழுதிய வெண்ணெய்ச் சண்டைக் கதை போதும். ரொட்டியில் வெண்ணெய் தடவிய பக்கத்தை மேலே வைத்துத் தின்பவர்களும் கீழே வைத்துத் தின்பவர்களும் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று, ஒருவரைவிட ஒருவர் பெரிய ஆயுதம் செய்துகொண்டே போவார்கள். முடிவு சொல்லாமல் நிறுத்திவிடுவார். பிள்ளைகள் கத்துவார்கள், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று. அந்தக் கேள்விக்காகவே அதை வாசிக்கலாம்.

ஒன்பது, பத்து வயதில் ஒரு தனி மனிதரின் அல்லது ஒரு விலங்கின் கதை. பன்னிரண்டுக்கு மேல் நாட்குறிப்பு, நினைவுக் குறிப்பு. மற்றபடி, இரவு படுக்கும் முன் மட்டும் இந்த வகைப் புத்தகம் வேண்டாம்.

அக்கா, "எதிரி நாட்டுக்காரன் எல்லாரும் கெட்டவன்" என்று என் மகள் சொல்கிறாள். பத்து வயது. எந்தப் புத்தகம் கொடுக்கலாம்?

மைக்கேல் மோர்பர்கோவின் 'வார் ஹார்ஸ்', 1982. முதல் உலகப் போரில் மாட்டிக்கொண்ட ஜோயி என்ற குதிரையே கதையைச் சொல்கிறது. அது முதலில் ஆங்கிலேயப் படையில் இருக்கிறது, பிறகு ஜெர்மானியர்களிடம் அகப்பட்டு அவர்களுடைய வண்டியை இழுக்கிறது. குதிரைக்குக் கட்சி ஏது? யார் தண்ணீர் வைத்தார், யார் தடவிக்கொடுத்தார் என்பதுதான் அதற்குத் தெரியும்.

ஓரிடத்தில் ஜோயி இரண்டு பதுங்குகுழி வரிசைகளுக்கும் நடுவே, யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் காயத்தோடு நிற்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து வேல்ஸ்காரன் ஒருவன், அந்தப் பக்கத்திலிருந்து ஜெர்மன்காரன் ஒருவன், இருவரும் வெளியே வருகிறார்கள். குதிரை யாருக்கு என்று நாணயம் சுண்டிப் போட்டுத் தீர்த்துக்கொண்டு, கைகுலுக்கிப் பிரிகிறார்கள். இந்தப் பக்கங்களைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் எதுவும் விளக்க வேண்டியதில்லை. மறுநாள் அந்த இருவரும் ஒருவரையொருவர் சுட வேண்டியிருக்கும் என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

'டோட்டோ-சான்' வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்த பெண் கடைசியில் அழுதுவிட்டாள். அது போர்ப் புத்தகமா? தெரிந்திருந்தால் கொடுத்திருக்கமாட்டேன்.

கொடுத்தது நல்லதே. தமிழில் கிடைக்கும் போர்ப் புத்தகங்களில் எனக்கு முதலிடம் அதற்குத்தான், யாரும் அதை அந்த அலமாரியில் வைப்பதில்லை என்றாலும். தெத்சுகோ குரோயநாகி 1981இல் ஜப்பானில் வெளியிட்ட தன் பள்ளி நினைவுகள் அவை. நேஷனல் புக் டிரஸ்ட் வழியாகத் தமிழில் பல வீடுகளுக்கு வந்துவிட்டது.

போர் அதில் எப்படி நுழைகிறது என்று கவனித்தீர்களா? குண்டோடு வரவில்லை. காசு போட்டால் மிட்டாய் தருகிற இயந்திரத்தில் ஒருநாள் மிட்டாய் இல்லாமல் போகிறது. டோட்டோ-சானின் அப்பா வயலின் கலைஞர். ஆயுதத் தொழிற்சாலைகளில் போய்ப் படைப்பாட்டு வாசித்தால் அரிசியும் சர்க்கரையும் கிடைக்கும் என்று சொல்கிறார்கள். வீட்டில் எல்லாருக்கும் பசி. ஆனாலும் தன் வயலினில் அந்தப் பாட்டை வாசிக்க அவருக்கு மனம் வரவில்லை. பள்ளியில் வேலை பார்த்த, பிள்ளைகளுக்குப் பிரியமான ரியோ-சான் போருக்கு அழைக்கப்படுகிறார். கடைசியில் 1945 விமானத் தாக்குதலில், வகுப்பறைகளாக இருந்த அந்தப் பள்ளியின் பழைய ரயில்பெட்டிகள் எரிகின்றன. தலைமையாசிரியர் கொபாயாஷி தெருவில் நின்று அந்தத் தீயைப் பார்த்துக்கொண்டே, அடுத்து எப்படிப்பட்ட பள்ளி கட்டலாம் என்று மகனிடம் கேட்கிறார்.

உங்கள் பெண் அழுதது ஒரு பள்ளிக்கூடத்துக்காக. அந்தப் பள்ளியை அவள் அவ்வளவு நேசித்திருக்கிறாள். இந்த அழுகைக்காக நீங்கள் வருந்த வேண்டாம். அவளோடு உட்கார்ந்து மிட்டாய் இயந்திரம் வருகிற பக்கத்தைத் திரும்ப வாசியுங்கள்.

ஆயிரம் காகிதக் கொக்கு செய்வதற்குள் சடாகோ இறந்துவிட்டாள் என்று பாடத்தில் இருக்கிறது. ஆயிரத்தைத் தாண்டினாள் என்றும் சொல்கிறார்களே, எது சரி?

தாண்டினாள் என்பதே சரி. ஆயிரம் கொக்கு மடித்தால் வேண்டியது நடக்கும் என்பது ஜப்பானிய நம்பிக்கை. எலினார் கோயர் 1977இல் எழுதிய கதையில் 644 கொக்குகளோடு நின்றுவிடுகிறாள், மீதியைத் தோழிகள் முடிக்கிறார்கள். அது கதைக்காகச் சேர்த்தது. உண்மையில் சடாகோ சசாகி 1955 ஆகஸ்ட் முடிவதற்குள் ஆயிரத்தை முடித்துவிட்டு, மேலும் மடித்துக்கொண்டேயிருந்தாள். மருந்து சுற்றி வந்த காகிதத்தைக்கூட விடவில்லை. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. பத்து ஆண்டு கழித்து ரத்தப் புற்றுநோய் வந்து, 1955 அக்டோபர் 25 அன்று இறந்தாள். 12 வயது. வகுப்புத் தோழர்கள் தொடங்கிய முயற்சியால் 1958இல் அங்கே சிறுவர்களுக்கான சமாதான நினைவுச்சின்னம் எழுந்தது.

என்னைக் கேட்டால் உண்மைக் கதைதான் பிள்ளைகளுக்கு வேண்டியது. எண்ணிக்கை முடியாததால் அவள் சாகவில்லை. முடித்த பிறகும் குண்டின் நஞ்சு அவளை விடவில்லை. பாடப்புத்தகக்காரர்கள் இதை மாற்றி எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

'பேர்ஃபுட் ஜென்' படக்கதையைப் பத்து வயதுப் பையன் கேட்கிறான். கொடுக்கலாமா?

தனியாக வாசிக்கப் பத்து வயது போதாது. 12, 13 ஆகட்டும், நீங்களும் கூட இருங்கள். அதை வரைந்த கெய்ஜி நாகசாவா, குண்டு விழுந்தபோது ஆறு வயதில் ஹிரோஷிமாவில் இருந்தவர். பள்ளிச் சுவர் மறைத்ததால் பிழைத்தார். அப்பாவும் அக்காவும் தம்பியும் இடிந்த வீட்டோடு போய்விட்டார்கள். 1973 முதல் அதைப் படக்கதையாக வரைந்தார். தோல் உரிந்து தொங்க நடக்கிற மனிதர்களை அவர் கண்ணால் கண்டவர், அதனால் அப்படியே வரைந்தார். ஜப்பானில் மட்சுவே நகரத்தில் 2012இல் பள்ளி நூலகங்களில் அதைப் பிள்ளைகள் கையில் எட்டாதபடி உள்ளே வைக்கச் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பி, 2013இல் அந்தக் கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்டார்கள். விலக்கியதுதான் சரி. வயது பார்த்துக் கொடுப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு.

நம் ஊர்ப் படக்கதைகளில் ராஜா ராணிகளின் வீரம்தானே இருக்கிறது? அது மட்டும் போதுமா?

அமர் சித்ர கதா 1967இல் தொடங்கியபோது, கிரேக்கப் புராணம் தெரிந்த பிள்ளைகளுக்கு நம் கதை தெரியவில்லை என்ற ஆதங்கம் அதன் பின்னால் இருந்தது. அந்த வேலையை அது நன்றாகவே செய்தது, ஜான்சி ராணியை நானும் அதில்தான் சந்தித்தேன். ஆனால் வாள் வீசுகிறவரின் முகம் தெரிகிற அளவுக்கு விழுகிறவரின் முகம் தெரிவதில்லை. அந்தக் குறையை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். அசோகரின் 13ஆம் பாறைக் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கலிங்கத்தில் ஒன்றரை லட்சம் பேர் சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்டார்கள், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், அதைப்போலப் பல மடங்கு பேர் மடிந்தார்கள் என்று வென்ற அரசரே வெட்டிவைத்திருக்கிறார். ஆனால் கலிங்க மண்ணில் இருக்கிற தௌலியிலும் ஜௌகடாவிலும் அந்தக் கல்வெட்டு மட்டும் கிடையாது. அங்கே வேறு கட்டளைகள் இருக்கின்றன. ஏன் இருக்காது என்று ஒரு வகுப்பில் கேட்டுவிட்டு ஒதுங்கி உட்காருங்கள், அந்த மணி நேரம் முழுவதும் பிள்ளைகளே பேசுவார்கள்.

தமிழ்ப் பழம்பாடல்களில் பிள்ளைகளுக்குச் சொல்லும்படி ஏதாவது உண்டா? புறநானூறு என்றாலே மார்பில் வேல் தாங்கிய கதைதான் சொல்கிறோம்.

இருக்கிறது ஐயா, புறநானூற்றிலேயே கோவூர் கிழார் என்ற புலவரைத் தேடுங்கள். அவருடைய 44, 45, 46ஆம் பாடல்கள் மூன்றையும் சேர்த்துச் சொன்னால் ஒரு முழுப் புத்தகம்.

44இல் ஆவூர் கோட்டை முற்றுகையில் இருக்கிறது. உள்ளே கட்டிக்கிடக்கும் யானைகளுக்குக் குளமும் இல்லை, நெல் கவளமும் இல்லை. "பாலில் குழவி அலறவும்" என்று ஒரு வரி. முற்றுகை என்றால் என்ன என்று பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. 45இல் உறையூர். வெளியே நலங்கிள்ளி, உள்ளே நெடுங்கிள்ளி, இருவரும் சோழர். உன் எதிரி பனம்பூ சூடிய சேரன் இல்லை, வேம்பு சூடிய பாண்டியனும் இல்லை, உன் தலையிலும் ஆத்தி, அவன் தலையிலும் ஆத்தி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்கிறார் புலவர்.

46தான் எனக்கு உயிர். மலையமான் என்ற குறுநில மன்னனின் சிறு பிள்ளைகளை யானைக் காலில் இடக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான் சோழன் கிள்ளிவளவன். அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் அல்லவா, யானை வேடிக்கை. பிறகு மன்றத்தில் கூடியிருக்கும் கூட்டத்தைப் பார்த்து, முன்பு அறியாத ஒரு பயம் அவர்களுக்கு வருகிறது. நான் சொன்னதைக் கேட்டாய் அல்லவா, இனி உன் விருப்பம் என்று முடிக்கிறார் புலவர். இதை நல்ல ஓவியர் ஒருவர் படப் புத்தகமாகச் செய்ய வேண்டும். செய்வார் யாராவது இருந்தால் எழுதித்தர நான் தயார்.

உலகப் போர் எங்கேயோ நடந்தது என்று மாணவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். நான் சென்னையில் ஆசிரியர்.

சென்னையா? உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவருக்குக் கூட்டிப் போங்கள் தம்பி. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் நகரத்தின் மீது குண்டு வீசி, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அதற்கான நினைவுக் கல் அங்கே பதித்திருக்கிறது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 போருக்குப் போனார்கள், இத்தனை பேர் திரும்பவில்லை என்று சொல்லும் கல்லும் தமிழ்நாட்டில் சில ஊர்களில் உண்டு. திரும்பாத இந்தியர் மொத்தம் 74,000 பேர். நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தில் பிள்ளைகளிடம் நோட்டும் பென்சிலும் கொடுத்து, கற்களில் இருக்கும் வயதை மட்டும் எழுதிவரச் சொல்லுங்கள். கொட்டாவி நின்றுவிடும்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து டொரோண்டோவில் இருக்கிறோம். 11 வயது மகன் எங்கள் போரைப் பற்றிக் கேட்கிறான். என்ன புத்தகம் கொடுப்பது, அக்கா?

அந்த வயதுக்குப் புத்தகத்தைவிட நீங்கள்தான் முதல். உங்களால் சொல்ல முடிந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பங்கருக்குள் என்ன விளையாடினீர்கள், மின்சாரம் இல்லாத காலத்தில் எப்படிப் படித்தீர்கள், அதுபோல. சொல்ல முடியாததை இப்போது சொல்லியாக வேண்டும் என்று இல்லை. பெஞ்சமின் டிக்ஸ், லிண்ட்சே பொல்லாக் இருவரும் செய்த 'வன்னி' கிராஃபிக் நாவல் 2019இல் வந்தது. ஐ.நா. பணியில் வன்னியில் இருந்தவர் டிக்ஸ். பலரின் வாக்குமூலங்களை ஒரு குடும்பத்தின் கதையாக்கியிருக்கிறார்கள். ஆனால் அது 16 வயதுக்கு மேல்தான், அதுவும் முதலில் நீங்கள் வாசியுங்கள். உங்களுக்கே தாங்கவில்லை என்றால் தள்ளி வையுங்கள். புத்தகம் எங்கேயும் போய்விடாது.

ஆன் ஃபிராங்க் நாட்குறிப்பு: சுருக்கப் பதிப்பா, முழுப் பதிப்பா?

முழுப் பதிப்பு, 13 வயதில். பிறகு நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆனுக்கும் அந்த நோட்டு கிடைத்தது 13ஆம் பிறந்தநாளுக்குத்தான், 1942 ஜூன் 12. சுருக்கும்போது முதலில் வெட்டுவது அம்மாவோடு அவள் போட்ட சண்டைகளையும் அலுப்பையும் கோபத்தையும்தான். அவை போய்விட்டால் மிஞ்சுவது ஒரு புனிதச் சிறுமி, உங்கள் பெண்ணுக்கு அவள் தோழியாகமாட்டாள்.

ஒன்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நாட்குறிப்பு 1944 ஆகஸ்ட் 1 அன்று நின்றுவிடும், மூன்று நாளில் பிடித்துக்கொண்டு போனார்கள், ஒளிந்திருந்த எட்டுப் பேரில் அப்பா ஒருவர்தான் திரும்பினார் என்பதை. அது ஆனின் எழுத்தில் இருக்காது, பின்னுரையில்தான் இருக்கும். பல பிள்ளைகள் பின்னுரையை வாசிப்பதில்லை. 2017இல் வந்த படக்கதை வடிவமும் நன்றாக இருக்கிறது. அதை இரண்டாவதாகக் கொடுங்கள்.