சொற்களால் உருவம் காட்டும் சுவரொட்டிகள்: கேள்வி பதில்

ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பில் தொடங்கி, கணினியில் பக்க வடிவமைப்பு வரை வந்தவன் நான். நீங்கள் அனுப்பிய சுவரொட்டிகளையெல்லாம் அசல் அளவில் அச்செடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஏமாந்துபோகாதீர்கள்.

கேள்வி: 1330 குறளையும் கொண்டு ஏ3 தாளில் வள்ளுவர் முகம் செய்திருக்கிறேன். எப்படி இருக்கிறது?

உங்கள் உழைப்பு தெரிகிறது. ஆனால் ஒரு கணக்குப் போடுங்கள். குறளுக்கு ஏழு சீர், மொத்தம் 9310 சீர்கள். ஏ3 தாள் 297க்கு 420 மில்லிமீட்டர். முகம் பாதித் தாளை நிறைத்தால் ஒரு சீருக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஏழு சதுர மில்லிமீட்டர். எழுத்து மூன்று புள்ளி (பாயின்ட்) அளவுக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குச் சுருங்கிவிடும். உங்கள் அச்சில் தாடி முழுவதும் சாம்பல் நிறத் திட்டாகத்தான் தெரிகிறது. ஓரத்தில் பல குறள்கள் பாதியில் வெட்டுப்பட்டிருக்கின்றன.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. குறள்களை எடுத்துவிட்டு அதே இடத்தில் காய்கறி விலைப்பட்டியலை நிரப்பினாலும் இதே முகம்தான் வரும். அப்படியானால் சொல்லுக்கு இங்கே வேலை இல்லை. 58ஆம் அதிகாரம் கண்ணோட்டம். கண்ணுக்கு நகை இரக்கம்தான், அது இல்லாத கண் புண் என்கிறது அதில் உள்ள 575ஆம் குறள். அந்த ஒரு குறளால் இரண்டு கண்களை மட்டும் வரையுங்கள். மற்றதை வெள்ளையாக விடுங்கள். படிப்பவர் அங்கே நிற்பார்.

கேள்வி: எந்த மென்பொருளில் செய்வது?

இங்க்ஸ்கேப் இலவசம், தமிழும் சரியாக வரும்.

கேள்வி: 'மழை' என்ற சொல்லைத் துளித்துளியாக விழ வைத்தேன். ஆசிரியர் குறை சொல்கிறார்.

ஆசிரியர் பக்கம்தான் நான். நீங்கள் 'ழை'யை உடைத்து, ஐகாரக் குறியைத் தனியாகக் கீழே விட்டிருக்கிறீர்கள். தமிழ் படிக்கும் கண்ணுக்கு 'ழை' ஒரே எழுத்து. குறி விலகினால் மிஞ்சுவது 'மழ'தான். உடைக்காமலே வழி இருக்கிறது. 'ழ'வின் அடிச்சுழி ஏற்கெனவே துளி திரண்டு தொங்குவது போலத்தான் இருக்கிறது. அதை மட்டும் சற்றுக் கனமாக்குங்கள், போதும். இன்னொன்று: 'ம'வை மேலும் கீழும் இழுத்து நீட்டியிருக்கிறீர்கள். இழுத்தால் நெடுக்குக் கோடு ஒரு பருமன், கிடைக்கோடு ஒரு பருமன் ஆகிவிடும். எழுத்தை இழுக்காதீர்கள்.

கேள்வி: போட்டோஷாப்பில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. வேறு மென்பொருள் சொல்லுங்கள்.

மென்பொருளை மாற்ற வேண்டாம். பழைய பதிப்பாக இருந்தால், பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி' என்பதைத் தேர்ந்தெடுங்கள்; தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வசதி அது. எழுத்துரு யூனிக்கோடில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையில் இருக்க வேண்டும்.

கேள்வி: 'யானை'யைப் பழைய 'னை' வடிவில் எழுதி, அதன் வளைவையே தும்பிக்கையாக்கினேன். சீர்திருத்த எழுத்து வந்த பிறகு இது தவறு என்கிறார்கள்.

வந்த சுவரொட்டிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பழைய 'னை'யில் ஐகாரம் எழுத்தோடு ஒட்டி, முன்பக்கம் எழுந்து வளையும். நீங்கள் எதையும் வரைந்து சேர்க்கவில்லை. எழுத்தில் இருந்ததைக் கண்டெடுத்திருக்கிறீர்கள். வேறு சொல்லை வைத்தால் யானை போய்விடும்.

மறுப்பு: பெரியார் 1935இலேயே கையாண்டு, 1978இல் அரசு ஏற்ற வடிவத்தைக் கைவிடுவது பின்னோக்கிப் போவதல்லவா? இன்றைய பிள்ளைகளால் படிக்க முடியுமா?

சீர்திருத்தத்தை நான் முழுமனதாக ஏற்பவன். ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் தனி வடிவங்கள் போனதில் அச்சுக்கோப்பவனுக்குக் கிடைத்த நிம்மதியைக் கைகளால் அறிந்தவன். பாடநூலில் பழைய வடிவம் வந்தால் நானே எதிர்ப்பேன். சுவரொட்டி பாடநூல் அல்ல. 'யா'வும் யானையின் உருவமும் பக்கத்தில் இருக்கும்போது குழந்தைகூடப் படித்துவிடும்.

மறுப்பு: அப்படியானால் 'தலை', 'மலை' எல்லாவற்றிலும் பழையதைப் போடலாமா?

கூடாது. மலைக்கு அந்த வளைவால் என்ன பயன்? அழகுக்காகப் போட்டால் அது வெறும் பழமை மோகம். யானைக்கு அது உறுப்பு. யூனிக்கோடில் இரண்டு வடிவத்துக்கும் குறியீடு ஒன்றே, எழுத்துருதான் வேறு. அதனால் மூலக் கோப்பில் எழுத்துப்பிழை எதுவும் ஏறவில்லை என்பதையும் எதிர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

கேள்வி: இது மேல்நாட்டுக் கலைதானே?

இல்லை. நம்மிடம் சித்திரகவி, அதாவது ஓர் உருவத்துக்குள் எழுத்துகள் பொருந்தும்படி பாடும் பாட்டு, இருந்தது: பாம்பு வடிவில் நாகபந்தம், முரசு வடிவில் முரசபந்தம், தேர் வடிவில் ரதபந்தம். திருமங்கையாழ்வார் பாடிய திருவெழுகூற்றிருக்கை என்ற பாட்டைப் பாருங்கள். அதில் வரும் எண்கள் முதலில் ஒன்று, இரண்டு, ஒன்று; அடுத்து ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என்று ஏழு வரை ஏறி இறங்கும். கட்டம் கட்டி எழுதினால் அடுக்கு அடுக்காக அகன்று தேர் வடிவம் நிற்கும். தேரை வரைந்துவிட்டுப் பாட்டை உள்ளே திணிக்கவில்லை. பாட்டின் கணக்கே தேரைக் கட்டுகிறது. வள்ளுவர் முகம் செய்தவர் இதை ஒருமுறை கையால் எழுதிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எந்த மென்பொருள் நல்லது?

மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று. முதலில் பென்சிலால் வரையுங்கள்.

கேள்வி: தலைவர் பிறந்தநாளுக்கு இருபதடி பேனர், அவர் பெயராலேயே முகம். என்ன செலவாகும்?

அச்சகத்தில் கேளுங்கள். பெயரை அகலத்துக்காக இழுக்க வேண்டாம் என்று அவர்களிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: யானையை அனுப்பியவன்தான். 'யா'வின் காலை நீட்டி வால் வைத்திருக்கிறேன். பார்ப்பீர்களா?

பார்த்தேன். வாலை எடுத்துவிடுங்கள். தும்பிக்கை எழுத்திலேயே இருந்தது, வால் நீங்கள் ஒட்டியது. முந்தைய வடிவத்தையே அச்சுக்குக் கொடுங்கள்.