மீட்டர் 12 வோல்ட் காட்டியும் ஃபேன் ஓடவில்லையா?
மார்த்தாண்டம் நெரிசலில் எஞ்சின் சூடு ஏறுகிறது, ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை, ஆனால் ஃபேனுக்கு வரும் வயர் சாக்கெட்டில் மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டு மோட்டாரை மாற்றிவிடாதீர்கள் நண்பரே. மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுக்காது. அதனால் அரித்துப் பச்சை பூத்த இணைப்பிலும் முழு வோல்ட் காட்டும்.

எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பை அந்த சாக்கெட்டின் இரு முனைகளிலும் கொடுத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் பெரும்பாலும் மோட்டார்தான். மங்கினால், பல்பின் எர்த் (நெகட்டிவ்) பக்க வயரை மட்டும் பேட்டரி நெகட்டிவுக்கு மாற்றுங்கள். இப்போது பளிச்சிட்டால் எர்த் இணைப்பு கெட்டிருக்கிறது. குளச்சல் கடற்கரையோரம்தான் வண்டி நிற்கும் என்றீர்களே, அந்த உப்புக்காற்றுக்கு எனக்கு முதல் சந்தேகமே அதன்மேல்தான். அப்போதும் மங்கல் என்றால் கோளாறு பாசிட்டிவ் பக்கம்; ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேயைக் கழற்றி, கால்கள் கருகியிருக்கிறதா பாருங்கள்.

அப்புறம், ஃபேன் எந்த நொடியிலும் சுற்றத் தொடங்கலாம். இறக்கைப் பக்கம் கை போகவே கூடாது.