இலை பச்சையாக இருந்தால் போதுமா? மக்காச்சோளத் துரு நோயும் இலையின் சுவாசமும்

கேள்வி: பேரையூர் பக்கம் புரட்டாசிப் பட்டத்தில் மானாவாரியாக மக்காச்சோளம் விதைத்தேன். ஆண் பூ வெளிவரும் நேரத்தில் இலைகளில் செம்பழுப்புக் கொப்புளங்கள் வந்துள்ளன. இலை பச்சையாகவே இருப்பதால் கதிருக்குப் பாதிப்பில்லை என்கிறார் பக்கத்துக் காட்டுக்காரர். உரக்கடையிலோ யூரியாவும் டானிக்கும் கொடுக்கச் சொல்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: முதலில் கொப்புளத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். செம்பழுப்புப் பொடி விரலில் ஒட்டி, இலையின் இரு பக்கமும் கொப்புளங்கள் தென்பட்டால், அது பெரும்பாலும் பக்சீனியா சோர்கி என்னும் பூசணத்தால் வரும் துரு நோயே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இலை ஈரம் பல மணி நேரம் காயாமல் நிற்பது அதற்கு மிகவும் உகந்தது.

இப்பூசணம் இலையைக் கொன்று உண்பதில்லை. உயிருள்ள செல்லுக்குள் உறிஞ்சு உறுப்புகளைச் செலுத்தி, இலை தயாரிக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. ஆகவே பச்சை நிறத்தை நம்ப வேண்டாம். மஞ்சளாகி வரும் இலையில்கூடக் கொப்புளத்தைச் சுற்றி மட்டும் பச்சை வளையம் எஞ்சி நிற்பதுண்டு. பூசணம் தன் தேவைக்காக உயிரோடு வைத்திருக்கும் பகுதி அது.

தொற்றிய முதல் சில நாட்களில் இலையின் சுவாசத்தில், அதாவது ஆற்றலுக்காக அது சர்க்கரையை எரிக்கும் வேகத்தில், பெரிய மாற்றம் இராது. கொப்புளம் வெடித்துப் பூசண வித்துகள் வெளிப்படும் கட்டத்தில் சுவாசம் வேகமாக உயர்ந்து, நலமான இலையினதைப் போல இரு மடங்கையோ அதற்கு மேலோ எட்டி, பின்னர் திசு சாகச் சாக இறங்கிவிடும். இந்த உயர்வில் ஒரு பங்கு பூசணத்தின் சொந்தச் சுவாசம். மற்றது, தாக்குதலுக்கு ஈடுகொடுக்கத் தற்காப்புச் சேர்மங்களைத் தயாரிக்கும் செடியின் சுவாசம். குளுக்கோஸ் உடைவதில், அச்சேர்மங்களுக்கு மூலப்பொருள் தரும் மாற்றுப் பாதையான பென்டோஸ் பாஸ்பேட் வழியின் பங்கு அப்போது கூடுவதும் இதனால்தான். ஒளிச்சேர்க்கையோ அதே வேளையில் குறைகிறது. பகல் வரவு சுருங்க, இரவும் பகலும் செலவு ஏற, கதிருக்கும் வேருக்கும் போக வேண்டிய சர்க்கரை இலையிலேயே தங்கித் தீர்ந்துபோகிறது. போதாக்குறைக்கு, மேல்தோல் கிழிந்த இடங்கள் வழியே நீரும் ஆவியாகும். மார்கழியில் மழை நின்றபின் மானாவாரிக் காட்டில் இது சிறிய இழப்பு அல்ல.

இதற்கு யூரியா தீர்வாகாது. அளவுக்கு மிஞ்சிய தழைச்சத்தில் தளதளவென்று வளரும் இலை பூசணத்துக்கே வசதி. டானிக்குக்குச் செலவிடும் பணத்தைக் கையில் வைத்திருங்கள் என்பதே என் கருத்து.

கதிரை ஒட்டிய இலையும் அதற்கு மேலுள்ள இலைகளும்தான் மணியைப் பெரும்பாலும் நிரப்புகின்றன. கீழிலைகளிலிருந்து கொப்புளங்கள் அவற்றுக்கு ஏறத் தொடங்கியிருந்தால், மான்கோசெப் மருந்தை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கலந்து, இலையின் இரு பக்கமும் நனையத் தெளியுங்கள். இலையின் மேற்பரப்பில் நின்று பூசண வித்து முளைப்பதைத் தடுக்கும் மருந்து இது. உள்ளே குடியேறிவிட்ட பூசணத்தை எட்டாது. எனவே கொப்புளமிட்ட இலை மீளும் என்று எதிர்பார்க்க வேண்டாம், தொற்றாத இலைகளைக் காப்பாற்றுவதே இதன் பயன். ஊடுருவும் வகை மருந்தைக் கடையில் கொடுத்தால், மக்காச்சோளத்துக்கு அனுமதி பெற்றதா என்று லேபிளில் பார்த்த பிறகே வாங்குங்கள். மணி பால் கட்டும் பருவம் தாண்டிக் கெட்டியாகிவிட்டால் தெளிப்பு வீண் செலவு. நோய் எதுவென்று ஐயம் இருந்தால், கொப்புளமுள்ள இலை இரண்டைக் காகித உறையில் வைத்து, மதுரை ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் பயிர் நோயியல் துறையினரிடம் காட்டுங்கள். பாலித்தீன் பையில் வைத்தால் புழுங்கிக் கெட்டுவிடும்.