ஸ்மோர்ஸ் குக்கீ மறுநாளும் மெத்தென்று இருக்க என்ன செய்ய வேண்டும்?

ஸ்மோர்ஸ் சுவையில் குக்கீ செய்தால் சூடாக இருக்கும்போது அருமையாக இருக்கிறது, மறுநாள் கடிக்க முடியவில்லை, மார்ஷ்மெல்லோவும் உருகி ஓடி ட்ரேயில் ஒட்டிக்கொள்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். மார்ஷ்மெல்லோவை மாவோடு சேர்த்துக் கலந்திருப்பீர்கள். பல செய்முறைகள் அப்படித்தான் சொல்கின்றன. அதை மட்டும் நிறுத்திவிட்டுக் கடைசி மூன்று நிமிடத்தில் மேலே வைத்துப் பாருங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மீதிப் பாதி, குக்கீயை ஓவனிலிருந்து எப்போது எடுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

ஸ்மோர்ஸ் சாப்பிட்டிராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருக்கும் மிச்சிகனில் கோடை என்றால் கேம்பிங், கேம்பிங் என்றால் ராத்திரி நெருப்பு, நெருப்பு என்றால் ஸ்மோர்ஸ். நீளக் குச்சியில் மார்ஷ்மெல்லோவைக் குத்தித் தணலில் வாட்டுவார்கள். மேல்தோல் பழுப்பாகி, அங்கங்கே கருகி, உள்ளே இளகிய பிறகு, இரண்டு கிரஹாம் கிராக்கர் பிஸ்கட்டுக்கு நடுவில் ஒரு சாக்லேட் துண்டோடு வைத்து அமுக்கிச் சாப்பிடுவார்கள். அமெரிக்காவின் கேர்ள் ஸ்கவுட்ஸ் 1927-இல் வெளியிட்ட கையேட்டிலேயே இதன் செய்முறை இருக்கிறது. இன்றும் சாரணியர் குழுவில் இருக்கும் பெண் பிள்ளைகளிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

இதில் மூன்று சுவைகள் சேர்கின்றன: முழுக்கோதுமை பிஸ்கட்டின் தேன் மணம், பாதி உருகிய பால் சாக்லேட், தணல் பட்ட மார்ஷ்மெல்லோ. என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் உயிர். அந்தக் கருகலின் லேசான கசப்பு இல்லாவிட்டால் வெறும் தித்திப்புதான் மிஞ்சும். ஆகவே குக்கீயாகச் செய்யும்போதும் மார்ஷ்மெல்லோவின் மேல் நேரடியாகச் சூடு படவேண்டும். மாவுக்குள் புதைத்தால் அது நடக்காது.

புதைத்தால் வேறொன்று நடக்கும். மார்ஷ்மெல்லோ என்பது சர்க்கரை, கார்ன் சிரப், ஜெலட்டின் மூன்றையும் காற்றோடு அடித்து எடுத்தது. ஜெலட்டின் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஓவனோ 175 டிகிரி. உள்ளே இருக்கும் காற்று விரிந்து மார்ஷ்மெல்லோ உப்பும், பிடித்துவைக்க ஆளில்லாமல் உடையும், சர்க்கரைப் பாகு மாவுக்குள்ளும் ட்ரேயிலும் ஓடும். சூடான ட்ரேயில் அந்தப் பாகு தண்ணீர் வற்றி மிட்டாய்ப் பதத்துக்கு வந்துவிடும். ஆறியதும் கண்ணாடி மாதிரி இறுகும். மறுநாள் உங்கள் பல்லுக்கு அகப்படுவது அதுதான்.

சரி, செய்முறைக்கு வருவோம். கையகல குக்கீ சுமார் 16 வரும். உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், அடர்நிற பிரவுன் சுகர் 150 கிராம், வெள்ளைச் சர்க்கரை 50 கிராம், முழு முட்டை ஒன்று, அதோடு ஒரு மஞ்சள் கரு மட்டும் தனியாக, வெனிலா ஒரு டீஸ்பூன், மைதா 150 கிராம், பொடித்த கிரஹாம் கிராக்கர் 75 கிராம் (முழு அட்டை ஐந்து), பேக்கிங் சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், பால் ஒரு டேபிள்ஸ்பூன். சாக்லேட் 43 கிராம் பார் மூன்று: இரண்டை நறுக்கி மாவில் கலக்க, ஒன்றை உடைத்து மேலே வைக்க. பெரிய மார்ஷ்மெல்லோ எட்டு, ஒவ்வொன்றையும் குறுக்கே இரண்டாக வெட்டி. தராசு இருந்தால் தயவுசெய்து அதையே பயன்படுத்துங்கள். ஒரு கப் மைதா அள்ளுகிற விதத்தைப் பொறுத்து 120 கிராமும் இருக்கும், 150 கிராமும் இருக்கும். அந்த 30 கிராம் வித்தியாசமே மெத்தென்ற குக்கீயை வறட்டு பிஸ்கட்டாக்கப் போதும்.

முதலில் வெண்ணெயை உருக்கவேண்டும், நன்றாகவே உருக்கவேண்டும். வீட்டில் நெய் உருக்கியவர்களுக்கு இது கைவந்த வேலை. அடி தெரிகிற வெளிர்நிறப் பாத்திரத்தில் மிதமான தீயில் வைத்தால் முதலில் சடசடவென்று சத்தம் வரும். அது வெண்ணெயில் உள்ள தண்ணீர் வெளியேறும் சத்தம். சத்தம் அடங்கி, மேலே மெல்லிய நுரை கூடி, அடியில் கசண்டு தேன் நிறத்துக்கு வரும்போது வறுத்த கொட்டை வாசனை எழும். அந்த நொடியில் இறக்கி வேறு பாத்திரத்தில் கசண்டோடு ஊற்றிவிடுங்கள், வடிகட்ட வேண்டாம். கேம்ப் நெருப்பின் வறுபட்ட வாசனைக்குச் சமையலறையில் இதைவிடக் கிட்டத்தில் வருவது எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. பால் ஒரு டேபிள்ஸ்பூன் கேட்டேனே, அது இதற்காகத்தான். வெண்ணெயில் 16 முதல் 18 சதவீதம் தண்ணீர் இருக்கும். அதை ஆவியாக்கிவிட்டோம். ஈடுகட்டாவிட்டால் மாவு வறண்டுபோகும். வெண்ணெய் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பாலைச் சேருங்கள்.

அதில் இரண்டு சர்க்கரையையும் போட்டு நன்றாகக் கலக்குங்கள். பிரவுன் சுகர் என்பது வெள்ளைச் சர்க்கரையோடு மொலாசஸ், அதாவது கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கரிய பாகு, சேர்ந்தது. வெளிர் ரகத்தில் சுமார் 3.5 சதவீதம், அடர் ரகத்தில் சுமார் 6.5 சதவீதம் மொலாசஸ் இருக்கும். அதில் உள்ள குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். மறுநாளும் குக்கீ வளைகிற பதத்தில் இருப்பது இதனால்தான். மொலாசஸில் லேசான புளிப்பும் உண்டு, பேக்கிங் சோடா வேலை செய்ய அந்தப் புளிப்பு வேண்டும். அதற்காக முழுவதும் பிரவுன் சுகரே போட்டுவிடாதீர்கள். வெள்ளைச் சர்க்கரை கொஞ்சம் இருந்தால்தான் குக்கீ பரவி, ஓரம் லேசாக மொறுமொறுக்கும்.

பிறகு முட்டை, கூடுதல் மஞ்சள் கரு, வெனிலா. வெள்ளைக் கரு வெந்ததும் இறுகும், மஞ்சள் கருவில் கொழுப்பு இருப்பதால் மென்மை தரும். ஒரு நிமிடம் போல நன்றாக அடித்தால் கலவை பளபளவென்று கெட்டியாகும். கடைசியில் மைதா, கிராக்கர் பொடி, சோடா, உப்பு. இதற்கு மேல் அடிக்கக்கூடாது, கரண்டியால் மடித்துக் கலந்தால் போதும், வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்திவிடுங்கள். கிராக்கர் பொடியும் மாவு போலவே ஈரத்தை உறிஞ்சும். வழக்கமான குக்கீ செய்முறையில் மைதாவைக் குறைக்காமல் பொடியை மேலே சேர்த்தால் தொண்டையில் அடைக்கிற குக்கீதான் வரும்.

நறுக்கிய சாக்லேட்டைச் சேர்த்து, 45 கிராம் உருண்டைகளாகப் பிடித்து, ஃப்ரிட்ஜில் குறைந்தது ஒரு மணி நேரம் வையுங்கள். ராத்திரி முழுக்க வைத்தால் இன்னும் நல்லது, பொடியும் மாவும் ஈரத்தை உள்வாங்கி ருசி கூடும். சாக்லேட் சிப்ஸை விட பார் வாங்கி நறுக்குவதே மேல். சிப்ஸ் சூட்டிலும் வடிவம் குலையாமல் இருக்கும்படி செய்யப்பட்டது, பார் இளகிக் குளமாகத் தேங்கும். ஸ்மோர்ஸ் என்றால் இங்கே ஹெர்ஷீஸ் பால் சாக்லேட்தான் வழக்கம். எனக்கு அது மட்டும் போட்டால் தித்திப்பு கூடிவிடுகிறது. மாவுக்குள் பாதிக்குப் பாதி டார்க் சாக்லேட்டும், மேலே மட்டும் ஹெர்ஷீஸும் வைக்கிறேன்.

இனி ஓவன். 175 டிகிரி, அதாவது 350 ஃபாரன்ஹீட். காற்றாடி ஓடும் ஓவன் என்றால் 160 போதும். ட்ரேயில் பேப்பர் விரித்து இடைவெளி விட்டு உருண்டைகளை வைத்து 8 நிமிடம் விடுங்கள். வெளியே எடுத்து ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சாக்லேட் துண்டு, அதன் மேல் அரை மார்ஷ்மெல்லோ, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி. அந்தப் பக்கம் பிசுபிசுப்பாக இருப்பதால் சறுக்காமல் பிடித்துக்கொள்ளும். மறுபடி உள்ளே 3 நிமிடம்.

இந்த மூன்று நிமிடம் முடியும்போது குக்கீயை உற்றுப் பாருங்கள். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளப்பு போய் மங்கலாகியிருக்கும். நடுப்பகுதி, மார்ஷ்மெல்லோவைச் சுற்றி, இன்னும் ஈரமாக மினுங்கும். தொட்டால் குழியும். வேகவில்லையே என்று மனசு அடித்துக்கொள்ளும், ஆனால் எடுக்கவேண்டிய நேரம் இதுதான். ட்ரேயின் சூட்டிலேயே அடுத்த பத்து நிமிடம் உள்ளே வெந்துகொண்டிருக்கும். நடுவும் மங்கலாகட்டும் என்று காத்திருந்தால், ஆறிய பிறகு அது மொறு பிஸ்கட்தான். மெத்தென்ற குக்கீக்குச் சர்க்கரை, மஞ்சள் கரு எல்லாவற்றையும் விட இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

எடுத்த கையோடு மார்ஷ்மெல்லோவைக் கருக்கவேண்டும். சின்ன கிச்சன் டார்ச் இருந்தால் அதுவே சிறந்தது, பழுப்பு வரும்வரை தீயை வட்டமாக ஓட்டுங்கள். டார்ச் இல்லையென்றால் ஓவனின் மேல் சூட்டை மட்டும் போட்டு, நடுத்தட்டில் வைத்து, கதவருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருங்கள். அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் நிறம் ஏறிவிடும், ஏற ஆரம்பித்தால் கண் மூடித் திறப்பதற்குள் கரியாகும். பேப்பர் ட்ரேக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முன்பே வெட்டிவிடுங்கள், மேல் சூட்டில் அது பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. மார்ஷ்மெல்லோ ஓரம் தாண்டி வழிந்திருந்தால், குக்கீயை விடச் சற்றுப் பெரிய டம்ளரைக் கவிழ்த்துச் சுற்றிலும் மெதுவாக உருட்டினால் வழிந்தது உள்ளே தள்ளப்பட்டுக் குக்கீயும் வட்டமாகும். சூடு இருக்கும்போதுதான் இது முடியும்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: கிரஹாம் கிராக்கர் அங்கே சுலபத்தில் கிடைக்காது, டைஜஸ்டிவ் பிஸ்கட் நன்றாகவே ஒத்துவரும். முழுக்கோதுமை அதிலும் இருக்கிறது, தேன் மணம் மட்டும் குறையும். ஒரு டீஸ்பூன் தேன் சேர்த்துவிடுங்கள், ஈரத்துக்கும் நல்லது. பிரவுன் சுகர் என்று விற்பதில் சில, பழுப்பு நிறப் பெரிய பரல்களாக உலர்ந்து இருக்கும். அது இதற்கு உதவாது. கையில் அழுத்தினால் ஈர மணல் போல ஒட்டவேண்டும். கிடைக்காவிட்டால் நாட்டுச் சர்க்கரையைச் சலித்துப் போடுங்கள். வெல்ல வாசனை வரும், அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஓடிஜி என்றால் கருக்குவதற்கு மேல் கம்பியை மட்டும் போட்டால் போதும்.

சைவம் சாப்பிடுபவர்களும் ஹலால் பார்ப்பவர்களும் மார்ஷ்மெல்லோ பாக்கெட்டைத் திருப்பிப் படித்துவிடுங்கள். ஜெலட்டின் என்றால் விலங்கிலிருந்து வந்தது, அமெரிக்கக் கடைகளில் இருப்பது பெரும்பாலும் பன்றி ஜெலட்டின். மாட்டு ஜெலட்டினில் செய்த ஹலால் ரகம் இருக்கிறது. டாண்டீஸ் போன்ற தாவர ரகங்களில் ஜெலட்டினுக்குப் பதில் கடற்பாசியிலிருந்து எடுக்கும் கேரஜீனன் இருக்கும். அவற்றின் நடத்தை கொஞ்சம் மாறும், முதலில் ஒன்றிரண்டு குக்கீயில் மட்டும் வைத்து நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல், நடுவே பேப்பர் வைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். கூடவே ஒரு துண்டு பிரெட். மறுநாள் பிரெட் காய்ந்திருக்கும், குக்கீ ஈரமாக இருக்கும். ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டாம். மார்ஷ்மெல்லோ மட்டும் ஆறினால் ரப்பர் போல ஆகத்தான் செய்யும், மைக்ரோவேவில் 8 முதல் 10 விநாடி வைத்தால் மறுபடி இளகிவிடும்.

எங்கள் வீட்டில் 16-ஐயும் ஒரே நாளில் சுடுவதில்லை. உருண்டைகளை ஃப்ரீசரில் தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு பையில் போட்டு வைத்துவிடுவேன். இரண்டு மாதம் வரை தாங்கும். வேண்டும்போது வேண்டியதை மட்டும் எடுத்து, உறைந்தபடியே ஓவனில் வைக்கலாம். மார்ஷ்மெல்லோ வைப்பதற்கு முந்தைய 8 நிமிடத்தை 10 ஆக்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதேதான்.